சாத்திய கதவும் கட்டிய குழாயும்

மைக்செட் வைத்திருப்பவனுக்கு நன்றாகப் பேச வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வராது. பேச வராதவன்தான் மைக்செட் வைப்பான். நாலு பேர் பேசும் இடத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கவும், அதற்குக் கூலி வாங்கவும் உலகத்தில் வேறு தொழில் கிடையாது. (போட்டோ எடுப்பவர்கூட "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லியாக வேண்டும்.)

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறேன். பெயர் ராசையா. படிப்பு ஐந்தாம் வகுப்பு, எஸ்டேட் பள்ளிக்கூடம். அதற்கு மேல் படிக்க பஸ் ஏற வேண்டும், பஸ் ஏறினால் வாயைத் திறந்து டிக்கெட் கேட்க வேண்டும், அதனால்தான் இவர் படிப்பை நிறுத்தினார் என்று என் மனைவி பூங்கொடி சொல்வாள். பாதிதான் உண்மை. மைக்கைச் சரிபார்க்கும்போதுகூட மற்றவர்களைப் போல் "ஹலோ, ஒன், டூ, த்ரீ" சொல்ல மாட்டேன். விரலால் தட்டி, இரண்டு தரம் ஊதுவேன். போதும்.

அப்படிப்பட்ட நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை மைக்கில் பேசினேன். அதைக் கேள்விப்படாதவர் இந்த மலையில் யாராவது மிச்சம் இருந்தால் அவருக்காக இதை எழுதுகிறேன். எழுதி வைத்துவிட்டால் இனிமேல் கேட்பவர்களிடம் காகிதத்தை நீட்டிவிடலாம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

முதலில் எங்கள் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இலங்கைத் தோட்டங்களில் இருந்து திரும்பி வந்த குடும்பங்கள். லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் இருக்கிறோம். ஒரு லயம் மேலே, ஒன்று கீழே, நடுவில் தேயிலை. எந்த விசேஷம் என்றாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டியாக வேண்டும். ஒன்றை மேல் லயத்துச் சில்வர் ஓக் மரத்தில், இன்னொன்றைப் பள்ளத்தைப் பார்த்து. வேலைக்குப் போனவர்கள், படுக்கையில் கிடப்பவர்கள், சண்டை போட்டு வராமல் இருப்பவர்கள், எல்லோருக்கும் கேட்க வேண்டும். குழாய் கட்டாவிட்டால் "எங்களுக்குச் சொல்லாம செஞ்சிட்டாங்க" என்று வருத்தப்படுவார்கள். கல்யாணம், சடங்கு, சாவு, கோயில், எல்லாவற்றுக்கும் இதே மரம், இதே குழாய்.

இனி நான் மாட்டிக்கொண்ட கதை.

கொரோனா முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்த வருஷம் அது. மூடிக் கிடந்த நாட்களில் வீட்டோடு இருந்த பெண் பிள்ளைகளில் சிலர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. கல்யாணமாகிப் போனார்கள். கீழ் லயத்துப் பிள்ளை ஒன்று, பத்தாவது படிக்க வேண்டியது, கைக்குழந்தையோடு ரேஷன் கடை வரிசையில் நின்றது. எல்லோரும் பார்த்தோம். குழந்தை யார் ஜாடை என்று பேசிக்கொண்டோம். அவ்வளவுதான் பேசினோம்.

என் மகள் நித்யாவுக்கு அப்போது பதினாறு வயது. பதினொன்றாம் வகுப்பு. நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பூங்கொடியின் அண்ணன் தர்மலிங்கம் மேல் லயத்தில் இருக்கிறார். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. அவர் தன் மகன் சதீஷுக்கு நித்யாவைக் கேட்டார். கேட்டார் என்று எழுதுவதே தப்பு. சொன்னார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறோம், தை மாதம் கல்யாணம், என்றார். தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் உரிமை, அது எங்கள் முறை. போதாததற்கு, அப்பா அம்மா இல்லாத பூங்கொடியை வளர்த்து எனக்குக் கட்டிக் கொடுத்தவரே அவர்தான். அவர் பேச்சுக்கு எங்கள் வீட்டில் யாரும் மறுபேச்சு பேசியதில்லை. நான் முதல் பேச்சே பேசியதில்லை.

"ஒரே ஒரு வார்த்த அண்ணங்கிட்ட சொல்லுங்க, புள்ள படிக்கட்டும்னு," என்றாள் பூங்கொடி. "நான் சொன்னா அழுதிருவேன். நீங்க ஆம்பள, நீங்க சொல்லுங்க."

ஆம்பளையும் தினம் சாயங்காலம் மேல் லயத்துக்கு ஏறிப் போனது. மச்சான் "வா ராசு" என்பார். அக்கா டீ கொடுப்பார். (மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.) குடிப்பேன். மழை வருமா என்று மச்சான் கேட்பார். நான் வானத்தைப் பார்ப்பேன். இறங்கி வந்துவிடுவேன். பூங்கொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். நித்யா எதுவும் கேட்க மாட்டாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த டீயைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் தேயிலை. அக்கா போடும் டீயில் மட்டும் அது இருக்காது. கெட்ட மனுஷி இல்லை, சிக்கனம். வெந்நீரைத் தேயிலைக்குக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார். அதுவரைக்கும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, பூங்கொடியிடம்கூட.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை எங்கள் எஸ்டேட் மன்றத்து ஹாலில் ஒரு பயிற்சி நடந்தது. கோயம்புத்தூரில் இருந்து சுகுணா என்று ஒரு மேடம் வந்திருந்தார். அங்கன்வாடி டீச்சர்கள், நர்சுகள், பள்ளிக்கூட டீச்சர்கள், பிள்ளைக்காம்பரா ஆயாக்கள் (கொழுந்து எடுக்கப் போகும் அம்மாக்கள் குழந்தையை விட்டுப் போகும் இடம்) எல்லோருக்கும் இரண்டு நாள். என்ன பயிற்சி என்று நான் கேட்கவில்லை. நான் எதையும் கேட்பதில்லை. ஹாலுக்குள் ஒரு பெட்டி ஸ்பீக்கர், ஒரு மைக் போதும் என்று மேடம் போனில் சொல்லியிருந்தார். பெட்டி வைத்தேன். வழக்கம்போல் வெளியே குழாயும் கட்டினேன். காலையில் இரண்டு பக்திப் பாட்டு போட்டேன். அப்போதுதான் இன்றைக்கு ஏதோ இருக்கிறது என்று லயத்துக்குத் தெரியும்.

மேடம் வந்தார். சுவரில் ஒரு பெரிய படத்தை மாட்டினார். ஏதோ பூ என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தேன். பூ இல்லை. பெண்களின் வயிற்றுக்குள் இருப்பது. பக்கத்திலேயே ஆண்களுக்கு ஒரு படம். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். தலையைக் குனிந்ததுதான், அப்புறம் சிவப்பு விளக்கு ஒன்றைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

சின்ன வயதில் பிள்ளைகள் கர்ப்பமாவதை எப்படித் தடுப்பது, வளர்கிற பிள்ளைகளிடம் உடம்பைப் பற்றி எப்படிப் பேசுவது, அதுதான் பயிற்சி. "ஏனுங்க, கதவு ஜன்னலெல்லாம் சாத்திருங்க," என்றார் மேடம் என்னிடம். "இங்க பேசறது வெளிய போகக் கூடாதுங்க. அப்பத்தான் இவங்க மனசு விட்டுப் பேசுவாங்க." நான் ஓடிப்போய்ச் சாத்தினேன். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கைக்கூட விடவில்லை. ஒரு சாக்கை மடித்துச் சொருகினேன். இவ்வளவு பொறுப்பாக ஒரு வேலையை நான் செய்ததே இல்லை. சாக்குத் தேடிய நேரத்தில் குழாய்க்குப் போகும் ஸ்விட்சை அணைத்திருக்கலாம். அது என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததில் எனக்குக் குழாயும் மறந்துவிட்டது, மரமும் மறந்துவிட்டது.

முதல் பாடம் வெட்கத்தைப் போக்குவது. மேடம் ஒரு வார்த்தை சொல்வார், எல்லோரும் திருப்பிச் சொல்ல வேண்டும். "மாதவிடாய்," என்றார். முனகினார்கள். "சத்தம் பத்தலீங்க," என்றார். என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து வால்யூமை ஏற்றினேன். மாதவிடாய், கருப்பை, கருத்தடை என்று வரிசையாகப் போய், கடைசியில் நாற்பது பெண்களும் கோயில் திருவிழாவில் கோஷம் போடுவதுபோல் போட்டார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்ப்ளிஃபயர் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று மட்டும் ஒரு யோசனை வந்தது. அதுவும் போய்விட்டது.

வெளியே என்ன நடந்தது என்பதை எனக்குப் பிற்பாடு பலபேர் பல தடவை சொன்னார்கள். எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்களாம். எஸ்டேட் சூப்பர்வைசர், இது மேனேஜர் ஏற்பாடு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றாராம். டீக்கடையில் ரேடியோவை அணைத்தார்களாம். ஒருத்தராவது ஓடி வந்து சொல்லியிருக்கலாம். வரவில்லை. வந்தால் பாடம் நின்றுவிடுமே.

மத்தியானத்துக்கு முன்னால் மேடம், இப்போது ஒன்றை நடித்துப் பார்ப்போம் என்றார். பதினாறு வயதுப் பெண்ணைத் தாய்மாமன் கட்டிக் கேட்கிறார், அப்பா எப்படிப் பேசிப் புரிய வைப்பது, இதுதான் நடிப்பு. மாமனாக நடிக்கப் பிள்ளைக்காம்பரா ஜெபமணி அக்கா எழுந்தார். கண் மையால் மீசை போட்டுக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டார். அப்பாவாக நடிக்க நிஜமான ஆம்பளை வேண்டும் என்றார் மேடம். அங்கிருந்த ஒரே ஆண் டீச்சர், டிரில் மாஸ்டர், போன் வந்தது என்று எப்போதோ வெளியே போய்விட்டார். மிச்சம் நான்தான். அதுவரைக்கும் நான் சாமான்களோடு சேர்த்தி.

முடியாது என்று தலையை ஆட்டினேன். என் வேலை இது இல்லை என்று கையைக் காட்டினேன். "இங்க இருக்கறது நாங்க மட்டும்தானுங்க, ஒருத்தருக்கும் கேக்காது," என்றார் மேடம். கதவை நானே சாத்தியிருந்தேன். சாக்கும் நானே சொருகியிருந்தேன். வேறு வழி இல்லாமல் போய் நின்றேன். கையில் மைக்கைக் கொடுத்தார்கள். விரலால் தட்டினேன். இரண்டு தரம் ஊதினேன்.

ஜெபமணி அக்காவுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியும். எஸ்டேட்டில் யாருக்குத்தான் தெரியாது. அவர் மச்சானைப் போலவே மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டுக் காலை அகட்டி நின்றார். "ராசு, ஞாயித்துக்கெழம பூ வைக்க வாரோம். ஒனக்குச் சொல்லுறதுக்கு ஒண்ணும் இல்லையே?"

நான் வானத்தைப் பார்த்தேன். ஹாலில் ஓட்டுக்கூரைதான் தெரிந்தது.

"மழ வருமான்னு பாக்குறியா?" என்றார் ஜெபமணி அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

ஏன் என்று தெரியவில்லை, அந்தச் சிரிப்பில் எனக்குத் தொண்டை திறந்துகொண்டது.

"இருக்கு மச்சான்," என்றேன். "அவளுக்குப் பதினாறு வயசுதான் ஆவுது. படிக்கட்டும்."

"படிச்சு என்னா கலெக்டராவா ஆவப்போறா?"

"பூங்கொடியக் கட்டிக் குடுத்தப்ப அவளுக்குப் பதினேழு மச்சான். நம்ம யாருக்கும் ஒண்ணும் தெரியல. மொதப் பிரசவத்துல ஒடம்புல ரத்தமே இல்லேன்னு சொன்னாங்க. புள்ள தங்கல. ஆஸ்பத்திரிக்கு வெளிய நீங்க துண்ட மூஞ்சியில போட்டுக்கிட்டு அழுதீங்க. நான் இந்தப் பக்கம் நின்னு பாத்தேன். அன்னைக்கும் ஒரு வார்த்த பேசல. இப்ப பேசுறேன். அந்த எடத்துல என்னால மறுபடி நிக்க முடியாது மச்சான். ஒங்களாலயும் முடியாது."

ஜெபமணி அக்கா துண்டை எடுத்து மீசையைப் பாதி அழித்துக்கொண்டார்.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஆனால் எனக்குப் பேசிப் பழக்கம் இல்லை. பேசிப் பழகியவர்களுக்குத்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

"தினமும் இதச் சொல்லத்தான் வாரேன்," என்று தொடர்ந்தேன். "அக்கா டீ குடுக்குறாங்க. குடிச்சிட்டு எறங்கிப் போயிர்றேன். கோவிச்சுக்காதீங்க மச்சான், அது டீயே இல்ல. வெறும் வெந்நி. இத்தன வருசமா நான் வெந்நிதான் குடிக்கிறேன்."

ஹாலே கைதட்டியது. மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காற்று வரட்டும் என்று ஒரு நர்ஸ் ஜன்னலைத் திறந்தார். மேடம் மைக்கை வாங்கி, "எல்லாரும் டீ குடிச்சுட்டு வாங்க," என்றார்.

எதிர் மலை, "குடிச்சுட்டு வாங்க," என்றது.

ஒரு மைக்செட்காரனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. குழாயில் போய், மலையில் மோதித் திரும்பி வருகிற சத்தம் அது. மெதுவாகத் திரும்பி ஸ்விட்சைப் பார்த்தேன். போட்டபடி இருந்தது. போய் அணைத்தேன். எதற்கு அணைத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

விஷயம் புரிந்ததும் மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வெளிய போகக் கூடாதுன்னு சொன்னேனுங்களே," என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாக்கைத் தள்ளிக்கொண்டு கதவு திறந்தது. மச்சான் நின்றார். கம்பளித் தொப்பி, மேலெல்லாம் தேயிலைச் சிராய், கையில் கவாத்துக் கத்தி. குழாய் கட்டிய மரத்துக்குப் பக்கத்துத் தேயிலைக் காட்டில்தான் அன்றைக்கு அவருக்கு வேலை. காலையில் இருந்து எல்லாப் பாடமும் கேட்டிருக்கிறார். கத்தி வேலைக்குக் கொண்டுவந்த கத்திதான் என்பது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை, அது பின்னால் பின்னால் போனது. மச்சான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். ஜெபமணி அக்காவின் பாதி மீசையைப் பார்த்தார்.

"இது நானா?" என்றார்.

மூக்கை உறிஞ்சிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"டீ வெந்நி மாதிரியா இருக்கு?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவர் போய்விட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குச் சுற்று வழியில் போனேன். அந்த வழியில்தான் கொழுந்து நிறுக்கும் இடம் இருக்கிறது என்பது மறந்துவிட்டது. பெண்கள் கூடைகளோடு வரிசையாக நின்றார்கள். "அண்ணே, நாளைக்கு என்னா பாடம்?" என்று ஒருத்தி கேட்டாள். கிண்டல் என்று நினைத்தேன். மறுநாள் மேடம் குழாயை இறக்கச் சொல்லிவிட்டார். அப்போது லயத்துப் பெண்கள் நாலைந்து பேர் ஹால் வாசலுக்கே வந்து, "இன்னைக்குக் கொழா இல்லையா?" என்று கேட்டார்கள். அவர்கள் கிண்டல் பண்ணவில்லை. பின்னால் இரண்டு அப்பாக்கள், சும்மா அந்தப் பக்கம் வந்த மாதிரி, பீடியோடு நின்றார்கள். மேடம் அவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். நான் எழுந்து நாற்காலி கொடுத்தேன்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன். பூங்கொடி நின்றிருந்தாள். எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களில் அவளும் ஒருத்தி. முதல் குழந்தையைப் பற்றி எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவதே இல்லை. நான் அதை இரண்டு மலைக்கும் கேட்கிற மாதிரி பேசியிருக்கிறேன். என்ன சொல்வாளோ என்று படியிலேயே நின்றேன்.

"ஒரு வார்த்த சொல்லுங்கன்னுதான் சொன்னேன்," என்றாள். "மல மலையாவா சொல்லச் சொன்னேன்?" தட்டில் சோற்றைப் போட்டாள். முட்டையும் இருந்தது.

நித்யா கோத்தகிரியில் இருந்து பள்ளிக்கூட பஸ்ஸில் வந்தாள். அவளுக்கு டிரைவரே சொல்லிவிட்டார். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் பேசாமல், என் ஸ்வெட்டர் கையில் பிரிந்திருந்த நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் போலத்தான் அவளும்.

மேல் லயத்தில் இருந்து ஒரு தகவலும் இல்லை. வெள்ளி, சனி நான் ஏறிப் போகவில்லை. பூ வைக்கிறார்களா, உறவை முறிக்கிறார்களா, எதுவும் தெரியாது. பூங்கொடி ஞாயிற்றுக்கிழமை வீட்டை மெழுகினாள். எது நடந்தாலும் வீடு சுத்தமாக இருக்கட்டும் என்றாள்.

சொன்ன நேரத்துக்கு மச்சானும் அக்காவும் இறங்கி வந்தார்கள். தாம்பாளம் இல்லை, பூ இல்லை. அக்கா கையில் ஒரு பெரிய பிளாஸ்க் மட்டும் இருந்தது. உட்கார்ந்தார்கள். அக்கா ஒரு டம்ளர் கேட்டு வாங்கினார். பிளாஸ்க்கைத் திறந்து ஊற்றி என் முன்னால் வைத்தார். ஆவி பறந்தது. எடுத்துப் பார்த்தேன். டம்ளரின் அடி தெரிந்தது. சுத்தமான வெந்நீர்.

"குடி ராசு," என்றார் அக்கா.

குடித்தேன். நாக்கு வெந்தது. கடைசிச் சொட்டுவரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்புடி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா," என்றேன்.

முதலில் சிரித்தது பூங்கொடி. அப்புறம் அக்கா. மச்சான் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் அழுதது ஒருத்தருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். இப்ப பேக்டரி நாய்க்கும் தெரியும்." மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு, "புள்ள படிக்கட்டும்," என்றார். "சதீசுக்கு வேற பாப்போம்." அவ்வளவுதான். மழை வருமா என்று கேட்டார். நான் எழுந்து வாசலில் போய் நிஜமாகவே வானத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நித்யா இப்போது கோயம்புத்தூரில் நர்சிங் மூன்றாம் வருஷம். சதீஷ் திருப்பூரில் தன்னோடு வேலை செய்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தக் கல்யாணத்துக்கு மைக்செட் நான்தான். மச்சான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், தாலி கட்டும்போது மட்டும் எழுந்து போனார்.

மேல் லயத்துக்கு நான் எப்போது போனாலும், யார் விருந்தாளி இருந்தாலும், அக்கா முதலில் எனக்கு ஒரு டம்ளர் வெந்நீர் வைப்பார். மச்சான் அதை விரலால் தட்டி, இரண்டு தரம் ஊதி, என் பக்கம் தள்ளுவார். புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்பார்கள். உடனே கதை ஆரம்பமாகும். நான் அதைக் குடித்துக்கொண்டே கேட்பேன். கதை முடிந்ததும்தான் டீ வரும்.

அந்த டீயும் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. (எழுதுவது சொல்வதில் சேராது.)